நத்தை, எருது, மனிதர்: மூக்கடைப்பான் புழுவின் வரலாறு

முன்னுரை

உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்துக் காட்டியவர் தொல்காப்பியர். புல்லும் மரமும் ஓரறிவின, நத்தையும் சிப்பியும் ஈரறிவின, விலங்குகள் ஐயறிவின, மக்கள் ஆறறிவு உடையோர். மரபியல் கூறும் இப்பகுப்பைப் பள்ளி நாளிலிருந்தே நாம் அறிவோம். ஈரறிவு உயிராகிய நத்தையின் உடலில் வளர்ந்து, ஐயறிவு உயிராகிய மாட்டின் மூக்கில் குடியேறி, ஆறறிவு படைத்த உழவரின் காலிலும் நுழைய முயலும் ஒரு புழு உண்டு. அதனைத் தனி இனம் என்று கண்டு உலகுக்கு அறிவித்தவர் நம் சென்னை மாகாணத்துக் கால்நடை அறிஞர் ஒருவர். இவ்வரலாறு ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கிறது. தமிழில் படித்தவர் மிகச் சிலரே. அதனைச் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் புழுவுக்கு இடம் ஏது என்று அன்பர்கள் வினவக்கூடும். நெல்வயலும் பொய்கையும் எருமையும் மருதத் திணைக்கு உரிய கருப்பொருள்கள். நீரில் கிடந்து களிக்கும் எருமையைப் பாடிய மரபு நம்முடையது. அந்நீருக்குள் என்ன நிகழ்கிறது என்று அறிவதும் மருதத்தை அறிவதன் ஒரு பகுதியே ஆகும்.

இரு நீருக்கு இடையே

ஆரம்பாக்கம் தமிழகத்தின் வடகோடி ஊர்களுள் ஒன்று. சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் இவ்வழியே ஆந்திர எல்லையைத் தாண்டுகின்றன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம் தோன்றும் வரையில் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கிழக்கே பழவேற்காட்டின் உவர்நீர்ப் பரப்பு; மேற்கே மழைநீரைத் தேக்கும் ஏரிகளும் அவற்றை நம்பிய நெல்வயல்களும். தெற்கே கும்மிடிப்பூண்டியில் இன்று தொழிற்சாலைப் புகைபோக்கிகள் நிற்கின்றன. ஆயினும் அவற்றைக் கடந்து சற்று உள்ளே சென்றால் ஏரிக்கரையும் மாடும் நாற்றங்காலும் இன்றும் கண்ணில் படுகின்றன.

உவர்நீரில் வாழ இயலாத ஒரு நத்தை நன்னீர்க் குட்டைகளிலும் ஏரி ஓரங்களிலும் வாய்க்கால்களிலும் வாழ்கிறது. பம்பரம்போல் கூம்பி உயராமல், சுருட்டி வைத்த கயிறுபோல் தட்டையாகச் சுருண்டிருப்பது அதன் ஓடு. அறிவியலார் அதனை இந்தோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ் என்பர். இந்தியா முழுவதும் பரவிய எளிய உயிர் அது. கோடையில் ஏரி வற்றினால் சேற்றில் புதைந்து உயிரைக் காத்துக்கொள்ளும். மழை பெய்து நீர் நிறைந்ததும் மீண்டும் மேலே வந்து பெருகும். இக்கட்டுரையின் கதை இந்த நத்தையைச் சுற்றியே நிகழ்கிறது.

குறட்டை விடும் எருது

உழவு மாட்டுக்கு வரும் நோய்களுள் ஒன்று மூக்கடைப்பான். நோயுற்ற எருதின் மூக்கிலிருந்து சளி வடியும். சில வேளைகளில் அதில் குருதியும் கலந்திருக்கும். நாளடைவில் மூக்கின் உட்புறச் சவ்வில் பூக்கோசு போன்ற சதை வளர்ச்சி தோன்றி மூச்சுக்காற்று செல்லும் வழியை அடைக்கும். மூச்சு விடும்போதெல்லாம் குறட்டை ஒலி எழும். அதனால் குறட்டை நோய் என்னும் பெயரும் இதற்கு உண்டு.

இந்நோயால் மாடு உடனே மடிவதில்லை. அதனாலேயே அது பெரிதாகப் பேசப்படவும் இல்லை. வெக்கை நோய் இருந்த காலத்தில் அது வந்தால் ஓர் ஊரின் மாடுகள் கூட்டமாக மடிந்தன. அரசு அதிகாரிகள் விரைந்து வந்தனர். மூக்கடைப்பான் அப்படிப்பட்டதன்று. எருது உயிரோடு நிற்கும். ஆனால் மூச்சு வாங்குவதால் ஏர் இழுக்க மாட்டாது. டிராக்டர் வருவதற்கு முந்திய காலத்தில் ஓர் இணை எருதையே முதலாகக் கொண்ட சிறு உழவனுக்கு அதில் ஒன்று மூச்சிரைத்து நின்றால் அவ்வாண்டு உழவே நின்றது என்று பொருள். சந்தையில் அதற்கு விலையும் கிடையாது. இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

வேப்பேரியில் ஒரு நுண்ணோக்கி

இந்தியாவில் கால்நடை நோய் ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முறையாகத் தொடங்கியது. 1889இல் பூனாவில் அமைந்த பாக்டீரியா ஆய்வுக்கூடம் 1893இல் இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. வெக்கை நோயை ஒடுக்குவதே அங்கு முதற்பணி. அங்குப் பணியாற்றிய மான்ட்கோமரி 1906இல் இந்தியக் கால்நடைகளின் குருதிக் குழாய்களில் வாழும் தட்டைப்புழுக்கள் சிலவற்றை விவரித்தார். எகிப்தில் மனிதரை வாட்டிய ஒரு குருதிப் புழுவை 1851இல் கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்னும் செருமானிய மருத்துவர் கண்டிருந்தார். அப்புழுவின் உறவினங்கள் நம் மாடுகளிலும் உள்ளன என்பது மான்ட்கோமரியின் ஆய்வால் தெளிவாயிற்று. 1918இல் பம்பாயில் லிஸ்டனும் சோபர்கரும் அவற்றுள் ஒரு புழு மேற்சொன்ன தட்டை நத்தையில் வளர்வதைக் காட்டினர்.

தெற்கே சென்னை வேப்பேரியில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. அக்கல்லூரியைச் சார்ந்த ஒட்டுண்ணி ஆய்வாளர் எம். அனந்த நாராயண ராவ். மூக்கடைப்பானின் காரணம் யாது என்பது அக்காலத்தில் விளங்காத புதிராக இருந்தது. 1932இல் முக்தேசுவரைச் சேர்ந்த எஸ்.சி.ஏ. தத்தா இந்நோயின் காரணத்தை ஆராய்ந்து, குருதித் தட்டைப்புழுவின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். மறு ஆண்டு, 1933இல், ராவ் சென்னை மாகாணத்து மாடுகளின் மூக்கு நோயையும் அதனை விளைவிக்கும் புழுவையும் விரிவாக எழுதி வெளியிட்டார். முன்னர் அறியப்பட்ட புழுக்களோடு ஒப்பிட்டு இது வேறோர் இனம் என்று கூறினார். மூக்கைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் சிஸ்டோசோமா நேசேல் என்று அதற்குப் பெயரிட்டார்.

அறிவியலில் ஓர் உயிரின் பெயரை முழுமையாக எழுதும்போது பெயரிட்டவரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுவது மரபு. இன்றும் உலகின் எம்மூலையில் இப்புழுவைப் பற்றி எழுதினாலும், சிஸ்டோசோமா நேசேல் ராவ், 1933 என்றே எழுதுகின்றனர். குறட்டை விட்ட ஓர் எருதின் மூக்குச்சளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததற்குக் கிடைத்த புகழ் அது.

அன்றில் போன்ற புழு

இப்புழுவின் வாழ்க்கை, கதை புனைவோரின் கற்பனைக்கும் எட்டாதது. மாட்டின் மூக்குச் சவ்வில் உள்ள நுண்ணிய சிரைகளே இதன் இருப்பிடம். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஆண்புழுவின் உடலில் நெடுக ஒரு மடிப்பு உண்டு. அம்மடிப்புக்குள் பெண்புழு தங்குகிறது. அன்றில் இணையைப் பாடிய புலவர்கள் இதனைக் கண்டிருப்பின் என்ன சொல்லியிருப்பரோ!

பெண்புழு இடும் முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளம் உடையது. நம் நாட்டு வளரியைப்போல் வளைந்து, ஒரு முனையில் முள் கொண்டது. முட்டைகள் சிரையைக் கிழித்துச் சவ்வுக்கு வருகின்றன. அங்கே உண்டாகும் அழற்சியே சதையாகத் தடித்து மூக்கை அடைக்கிறது. மாடு நீர் அருந்தக் குனியும்போதும் தும்மும்போதும் சளியோடு முட்டைகள் நீரில் விழுகின்றன. நீர் பட்டவுடன் முட்டை பொரிந்து, மயிரிழைகளால் நீந்தும் இளவுயிர் ஒன்று வெளிவருகிறது. சில மணி நேரத்துக்குள் அது தட்டை நத்தையைக் கண்டு அதன் உடலில் புகவேண்டும், இல்லையேல் மடியும்.

நத்தைக்குள் புகுந்த ஒன்று சில வாரங்களில் பலவாகப் பெருகுகிறது. பின்னர் மீனின் வால்போல் பிளந்த வாலுடைய நுண்புழுக்கள் கூட்டங்கூட்டமாக நத்தையை விட்டு நீரில் இறங்குகின்றன. அவற்றின் ஆயுள் ஒன்றிரண்டு நாள்களே. அதற்குள் நீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குருதி வழியே பயணம் செய்து, முடிவில் மூக்கை அடைகின்றன.

இங்கே எருமையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நாளெல்லாம் குட்டையில் கிடக்கும் எருமையை இப்புழு தொற்றாமல் இருப்பதில்லை. ஆனால் பசுவுக்கும் எருதுக்கும் வருவதுபோல் சதை வளர்ச்சியும் குறட்டையும் எருமைக்குப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. நோயின் அடையாளம் ஏதுமின்றி முட்டைகளை நீரில் சேர்ப்பது மட்டும் நிகழ்கிறது. குறட்டை விடும் எருதுக்கு மருந்து கொடுத்தவர் பக்கத்தில் அமைதியாக அசைபோடும் எருமையை ஐயுறுவதில்லை. நோய் ஓர் ஊரைவிட்டு நீங்காமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ராவ் கூறியதை அனைவரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மாட்டின் குடற்பகுதிச் சிரைகளில் வாழும் பழைய புழுவே மூக்கிலும் வாழ்கிறது என்று கருதியோர் இருந்தனர். 1960களில் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தத், ஸ்ரீவாஸ்தவா ஆகிய இருவரும் இப்புழுவின் நத்தைகளையும் விலங்குகளையும் சோதனை முறையில் ஆராய்ந்து, ராவ் சொன்னது சரி, இது தனி இனமே என்று உறுதிப்படுத்தினர்.

கட்டயாமாவின் கதை

நோயுறும் மாட்டையும் நோயுறும் மனிதரையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர்கள் சப்பானியர். அங்கு ஹிரோஷிமாவுக்கு அருகில் கட்டயாமா என்னும் குன்றைச் சூழ்ந்த வயல்களில் இறங்கியோருக்குக் காலில் தடிப்பும் அரிப்பும் தோன்றின. பின்னர்க் காய்ச்சலும் வயிற்று வீக்கமும் கண்டு பலர் மாண்டனர். முன்னொரு நாள் மரங்களுக்கு மெருகிடும் அரக்கை ஏற்றிவந்த கலம் அங்கே கவிழ்ந்தது, அதன் நஞ்சே இது என்று ஊரார் கதை சொல்லினர். ஃபுஜீ என்னும் உள்ளூர் மருத்துவர் 1847இல் கட்டயாமாக் குறிப்பு என்னும் சிறுநூலில் இந்நோயை எழுதிவைத்தார். வயலில் இறங்கிய மனிதரோடு மாடுகளும் நோயுறுவதை அவர் மறவாமல் குறித்தார்.

அக்குறிப்பு வீண்போகவில்லை. 1904இல் கட்சுராதா ஒரு பூனையின் உடலில் அந்தப் புழுவைக் கண்டார். 1909இல் ஃபுஜினாமியும் நாகமுராவும் கன்றுகளை அவ்வயல் நீரில் விட்டுச் சோதித்தனர். நீரைக் குடிப்பதாலன்று, தோல் நீரில் படுவதாலேயே புழு நுழைகிறது என்பது அப்போது புலனாயிற்று. 1913இல் மியாயிரியும் சுசுகியும் அதனை வளர்க்கும் நத்தையைக் கண்டனர். நத்தை வாழும் வாய்க்கால்களைச் சீரமைத்தும் மருந்தளித்தும் சப்பான் அந்நோயை ஒழித்தது. 1977க்குப் பின் அங்குப் புதிய நோயாளி இல்லை. மனிதரின் நோயை அறியக் கன்றுகள் வழிகாட்டின. வயலோர மருத்துவர் ஒருவர் தம் மொழியில் எழுதிய ஏடே அனைத்துக்கும் தொடக்கமாக நின்றது.

நடவு வயலில்

சப்பானியப் புழு மாட்டிலும் மனிதரிலும் ஒருங்கே வளர்வது. நம் மூக்குப்புழுவோ மனிதரிடம் வளர்ந்து முதிர இயலாதது. இந்தியாவில் மனிதரைப் பற்றும் குருதிப்புழு மகாராட்டிரத்தின் இரத்தினகிரிப் பகுதியில் கிம்வி என்னும் சிற்றூரில் இருப்பதை 1952இல் கட்கிலும் ஷாவும் அறிவித்தனர். அது குறுகிய பரப்புக்குள் அடங்கிய நிகழ்ச்சி. ஆகவே தமிழகத்து உழவர் இப்புழுவால் உயிரிழப்பரோ என்று அஞ்சவேண்டியதில்லை.

ஆயினும் பிளந்த வால் கொண்ட நுண்புழுவுக்கு மாட்டின் காலும் மனிதரின் காலும் தொடக்கத்தில் வேறுபடுவதில்லை. வயல்நீரில் நிற்பவரின் தோலையும் அது துளைக்கும். துளைத்தபின் உள்ளே செல்ல வழியின்றித் தோலிலேயே மடியும். மடிந்த இடத்தில் சிவந்த தடிப்பும் தாங்கவொண்ணா அரிப்பும் உண்டாகும். பறவைகளின் குருதிப்புழுக்களும் இவ்வாறே செய்யும். குளத்தில் நீந்துவோருக்கு வரும் இவ்வரிப்பின் காரணத்தை அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஏரி ஒன்றில் கார்ட் என்பார் 1928இல் கண்டறிந்தார்.

அமெரிக்காவில் அது நீச்சல் அரிப்பு என்று பெயர் பெற்றது. நம் நாட்டில் நீரில் நெடுநேரம் நிற்போர் பொழுதுபோக்குக்காக நீந்துவோர் அல்லர். நாற்றுப் பறித்து நடவு செய்யும் பெண்டிரும் களையெடுப்போருமே ஆவர். கணுக்காலுக்கு மேல் தோன்றும் இவ்வரிப்பையும் விரலிடுக்கில் தோன்றும் சேற்றுப்புண்ணையும் ஒன்றாகவே எண்ணி, மஞ்சளோ எண்ணெயோ தடவி மறுநாளும் வயலில் இறங்குகின்றனர். இரண்டும் வேறு. சேற்றுப்புண் ஈரத்தால் தோல் ஊறி வருவது. இவ்வரிப்பு மாட்டுக்கு உரிய புழு வழிதவறி வந்ததன் அடையாளம். நடவாளின் காலில் தடிப்பு கண்டால், அவ்வூர் மாடுகளின் மூக்கையும் பார்ப்பது அறிவுடைமை.

விலங்கு தந்த மருந்து

நோயில் மட்டுமன்று, மருந்திலும் விலங்கும் மனிதரும் ஒரு வழியில் நடந்துள்ளனர். 1918இல் சூடான் நாட்டில் கிறிஸ்டஃபர்சன் மனிதரின் குருதிப்புழுவுக்கு ஆன்டிமனி உப்பை ஊசிவழி செலுத்திப் பயன்கண்டார். அதே வகை மருந்தே மூக்கடைப்பானுற்ற மாடுகளுக்கும் நெடுங்காலம் கைகொடுத்தது. 1970களில் வந்த பிராசிகுவான்டெல் முதலில் விலங்குகளுக்கான புழுநீக்கியாக விற்பனைக்கு வந்து பின்னர் மனிதருக்கும் ஆயிற்று. 1981 முதல் கால்நடைகளுக்கு வழங்கப்பட்ட ஐவர்மெக்டின், 1987 முதல் ஆப்பிரிக்காவில் மனிதரின் பார்வையைப் பறிக்கும் புழுநோய்க்கும் மருந்தாகியது. அதனைக் கண்ட ஓமுரா, கேம்பெல் ஆகியோர் 2015இல் நோபல் பரிசு பெற்றனர்.

யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கும் டையெத்தில் கார்பமசீன் மருந்தும் இவ்வரிசையில் வருவதே. 1947இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். எல்லைக்கு அப்பால் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். புழுவுற்ற எலிகளில் முதலில் சோதிக்கப்பட்ட அம்மருந்து பின்னர்க் கோடிக்கணக்கான மக்களைச் சென்றடைந்தது.

வென்ற போர், வெல்லாத போர்

நீர்வழிப் புழுவை நம் நாடு முற்றாக வென்ற வரலாறும் உண்டு. நரம்புச்சிலந்தி என்று நாம் அழைத்த கினிப்புழு, படிக்கிணற்று நீரைக் குடிப்போரின் உடலில் வளர்ந்து, காலில் கொப்புளமாகி, நூல்போல் வெளிவந்தது. நீரில் வாழும் நுண்ணிய உயிர் ஒன்றின் வழியாகவே அது பரவுகிறது என்பதை உருசிய அறிஞர் ஃபெட்சென்கோ 1870 அளவில் கண்டார். 1980களின் தொடக்கத்தில் இந்திய அரசு தேசிய ஒழிப்புத் திட்டம் வகுத்தது. தடுப்பூசியோ தனி மருந்தோ அதற்குக் கிடையாது. நீரைத் துணியால் வடிகட்டுதல், படிக்கிணறுகளை மாற்றியமைத்தல், வீடுதோறும் சென்று நோயாளியைத் தேடுதல் ஆகியவையே கருவிகள். 1996இல் இராசத்தானத்தில் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவைக் கினிப்புழு அற்ற நாடாக அறிவித்தது.

மூக்கடைப்பானுக்கு அத்தகைய பேரியக்கம் எதுவும் எழவில்லை. மாட்டைக் கொல்லாத நோய், மனிதரைக் கொல்லாத அரிப்பு; அதுவும் ஏழை உழவரின் எருதுக்கும் நடவாளின் காலுக்கும் வருவது. டிராக்டர் வந்ததால் உழவு எருது அருகியது. வயல்கள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிய இடங்களில் நத்தையும் நீங்கியது. இதனை நோயை வென்றதாகக் கொள்ளலாகாது. நோய் தங்கிய வயலே போனபின் நோய் போனதில் பெருமை ஏது? ஏரியும் வயலும் எஞ்சியுள்ள ஊர்களில் இன்று கறவைப் பசுக்கள் அந்நீரில் வாய் வைக்கின்றன. மாட்டுக்குத் தொட்டியில் நீர் காட்டுதல், நத்தை மிகுந்த குட்டையில் இறக்காதிருத்தல், சளியைச் சோதித்து எருமைக்கும் சேர்த்து மருந்தளித்தல் ஆகிய எளிய வழிகள் அறிந்தனவே. அவை உழவர் காதுக்கு உழவர் மொழியில் சென்றடைய வேண்டும்.

நிறைவாக

தமிழில் மாட்டு வாகடம் என்றொரு நூல்வகை இருந்தது. மாட்டின் நோயையும் அதற்கு உரிய மருந்தையும் செய்யுளாகக் கட்டி ஓலையில் எழுதிவைத்தனர் நம் முன்னோர். மாடு மேய்ப்பவரும் மனப்பாடம் செய்யும்படி நோய்க்குறிகள் பாட்டாயின. அக்காலத்தில் புலமையும் மாட்டுத்தொழுவமும் இவ்வளவு தொலைவில் இருக்கவில்லை. பின்னர் அறிவு ஆங்கில ஆய்விதழுக்குப் போயிற்று. பாட்டு வேறு பொருளைத் தேடிப் போயிற்று. வேப்பேரியில் 1933இல் பெயர் பெற்ற புழு ஆரம்பாக்கத்து உழவருக்கு இன்றும் பெயரற்ற ஒன்றாக இருப்பதன் காரணம் இதுவே.

நோயின் முதலை நாடச் சொன்னவர் வள்ளுவர். அந்நாட்டத்துக்கு மருத்துவரின் நுண்ணோக்கி ஒன்று போதாது. கண்டதைக் கண்டவாறு தம் மொழியில் எழுதிவைத்த கட்டயாமா மருத்துவர் போன்றோரும் வேண்டும். எந்த மாதத்தில் எந்தக் குட்டையில் இறங்கினால் கால் அரிக்கிறது, எந்த மேய்ச்சலுக்குப் பின் மாடு குறட்டை விடுகிறது என்பவற்றை நம் ஊர்ப் பெரியோரும் நடவுப் பெண்டிரும் அறிவர். அவர்கள் அறிவை அவர்கள் சொல்லிலேயே ஏட்டில் ஏற்றுவது எழுதத் தெரிந்தவர் கடன். பத்தாண்டுகளாகத் தமிழை வளர்த்துவரும் நம் வட்டத்து அன்பர்கள் அடுத்த பத்தாண்டில் மருதத்தைப் பாடும்போது, எருமையோடும் பொய்கையோடும் அப்பொய்கைக்குள் வாழும் நத்தையையும் நினைவில் கொள்வாராக.